கிணத்தடி கதை திரும்பத் திரும்ப வர்றது எழுதினவங்களோட மறதியா?

நீங்க கேட்டத நான் இப்படி புரிஞ்சுக்கறேன். பைபிளோட முதல் புஸ்தகமான ஆதியாகமத்த முதல் தடவையா முழுசா உக்காந்து படிச்சிருக்கீங்க. கிணத்தடில பொண்ணப் பாத்து கல்யாணம் முடியற கதை அதுல ரெண்டு இருக்கு, அடுத்த புஸ்தகமான யாத்திராகமத்துக்குப் போனா மோசேக்கும் அதே கிணறு, பொண்டாட்டிய தங்கச்சின்னு சொல்லி உயிர் தப்பிக்கற கதை மூணு, போதாததுக்கு ஆபிரகாமோட மகன் ஈசாக்குக்குப் பொண்ணு தேடிப் போன வேலைக்காரன் வழில நடந்தது அத்தனையையும் பொண்ணு வீட்ல உக்காந்து மறுபடி மொதல்லேந்து ஒப்பிக்கறான். "எழுதினவங்களுக்கு மறதியா, இல்ல எடிட்டர்னு ஒருத்தர் கெடையவே கெடையாதா"ன்னு கேட்டுட்டு கடைசில ஒரு வரி சேத்திருக்கீங்க, ஈசாக்கு ஏன் தன் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கக்கூட போகலன்னு. கிண்டலா இருந்தாலும் கேள்வி நியாயமானது, ஒரு பழைய நூல்ல ஒரே விஷயம் ரெண்டாவது தடவை வந்தா அது கவனக்குறைவா இல்ல வேணும்னே செஞ்சதா, நாம எத வெச்சு கண்டுபிடிக்கறதுங்கறதுதான் அது. ஈசாக்கு விஷயத்துக்கு கடைசில வர்றேன், உங்க கேள்விலயே அதுதான் சரியான எடத்துல கை வெக்குது.

நான் இறையியல் கல்லூரில மூணு வருஷம் எபிரேயம் படிச்சவன், அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல அத சொல்லிக் குடுக்கறதும் மொழிபெயர்ப்பு சரிபாக்கறதுமாவே போச்சு. தொல்லியல் எனக்கு வராது. இதெல்லாம் நெசமாவே நடந்துச்சாங்கற சண்டைக்கும் நான் வரல, கதைய எப்படி சொல்லிருக்காங்கங்கறது மட்டும்தான் நான் பேசக்கூடிய விஷயம்.

சரிபாக்கற வேலைக்கு சேந்த புதுசுல நானும் உங்கள மாதிரிதான் நெனச்சேன். ஆதியாகமம் 24, மொத்தம் 67 வசனம், அந்தப் புஸ்தகத்துலயே நீளமான அதிகாரம். அதுல வேலைக்காரன் ஒப்பிக்கற பகுதிய "நடந்ததையெல்லாம் விவரமாகச் சொன்னான்"னு சுருக்கி எழுதி, வாசகருக்குப் பெரிய உபகாரம் பண்ணிட்டதா நெனச்சு நீட்டினேன். எங்க பெரியவர் ஒருத்தர், எபிரேயம் அவருக்குத் தலைகீழ் பாடம், பேப்பர வாங்கிப் பாத்துட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "நகைய எப்ப தம்பி எடுத்தான்? பேர் கேக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?" முழிச்சேன். போய் பாருன்னுட்டார்.

போய் பாத்தா, கதைசொல்லி சொல்றப்ப (22, 23 வசனம்) ஒட்டகம் குடிச்சு முடிஞ்சதும் அந்த ஆள் தங்கத்த வெளில எடுக்கறான், அப்புறம்தான் "நீ யார் மகள்"னு கேக்கறான். அதே ஆள் பொண்ணு வீட்ல சொல்றப்ப (47) முதல்ல யார் மகள்னு கேட்டேன், அவ சொன்னா, அதுக்கப்புறம் நகைய போட்டேன்னு மாத்தி சொல்றான். ஏன்னு யோசிச்சுப் பாருங்க. பேர் ஊர் தெரியாத பொண்ணு கைல தங்க வளையல போட்டேன்னு அவங்க அண்ணன் முன்னாடி எப்படி சொல்லுவான், புத்தி சரியில்லாதவன்னு நெனச்சுடுவாங்க. இன்னொண்ணும் இருக்கு. கெளம்பறப்ப ஆபிரகாம் ரெண்டு தடவை அழுத்தி சொன்னது, என் மகன அந்த ஊருக்கு மட்டும் திரும்ப கூட்டிட்டுப் போயிடாதன்னு. ஒப்பிக்கறப்ப அந்த வரி காணவே காணோம். சம்பந்தம் பேச வந்த எடத்துல "உங்க ஊர் பக்கம் எங்க பையன் தலை வெச்சுப் படுக்கக் கூடாதுன்னு எசமான் சொல்லிருக்கார்"னு எந்தத் தரகரும் சொல்ல மாட்டார் இல்லயா. அதே மாதிரி ஆபிரகாம் "என் தேசம், நான் பொறந்த எடம்"னு பொதுவா சொன்னத இவன் "என் தகப்பன் வீடு, என் சொந்தம்"னு அவங்க காதுக்கு இனிக்கற மாதிரி திருப்பிக்கறான். பதினொண்ணாம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல இருந்த ராஷின்னு ஒரு யூத உரையாசிரியர் (1040–1105) இந்த நகை விஷயத்த அப்பவே குறிச்சு வெச்சிருக்கார். நான் சுருக்கினதுல இவ்வளவும் போச்சு.

எபிரேயக் கதை சொல்றதுல நான் கத்துக்கிட்ட முதல் வழக்கம் இது. வார்த்தைக்கு வார்த்தை ஒண்ணா வரும், ஒரு எடத்துல மட்டும் நழுவும். கதைசொல்லி "அவன் சாமர்த்தியசாலி"ன்னு சொல்லவே மாட்டார், அந்த நழுவல வெச்சு நீங்களே புடிச்சுக்கணும். இது கண்ணால படிக்க எழுதினது இல்லங்கறதையும் மனசுல வெச்சுக்கோங்க. யூதர்கள் இந்த நூல்களுக்கு வெச்சிருக்கற ஒரு பேர் மிக்ரா, கூப்பிடுறது, சத்தமா வாசிக்கறதுங்கற வேர்லேந்து வந்தது. நெகேமியா 8ல எஸ்றா தண்ணீர்வாசல் முன்னாடி காலைலேந்து மத்தியானம் வரைக்கும் ஜனங்களுக்கு நியாயப்பிரமாணத்த வாசிச்சாங்கன்னு வருது. காதுல கேக்கறவனுக்கு பக்கத்த புரட்டி முன்னாடி போக முடியாது, ஆனா ஒரே வாக்கியம் ரெண்டாவது தடவை வந்தா ஒரு வார்த்தை மாறுனாலும் டக்குனு காது புடிச்சுக்கும்.

இப்ப கிணத்தடிக்கு வருவோம். சட்டகம் இதுதான்: ஒரு ஆம்பள (இல்ல அவன் சார்பா ஒருத்தன்) வெளியூர் போறான், கிணத்தடில பொண்ணுங்க வராங்க, யாரோ யாருக்கோ தண்ணி எறைக்கறாங்க, பொண்ணு வீட்டுக்கு ஓடிப்போய் சொல்றா, சாப்பாட்டுக்குக் கூப்பிடறாங்க, கல்யாணம் முடியுது. நம்ம பக்கம் பொண்ணு பாக்கற சம்பிரதாயம் மாதிரின்னு வெச்சுக்கோங்களேன், பஜ்ஜி, காபி, தலை குனிஞ்சு வர்ற பொண்ணு எல்லாம் எல்லாருக்கும் மனப்பாடம், அதனாலதான் பொண்ணு காபி தட்டோட வராம நேரா வந்து சோபால உக்காந்தா அந்த வீட்டப் பத்தி வேற ஒண்ணும் சொல்லாமயே உங்களுக்கு நெறைய தெரிஞ்சுடுது.

அந்த வேலைக்காரன் பாத்த பொண்ணு ரெபெக்காள், அவ கதைல மாப்பிள்ளையே இல்ல, தண்ணி எறைக்கறது பொண்ணு. அதுவும் எவ்வளவு? பத்து ஒட்டகம். நல்ல தாகத்துல இருக்கற ஒட்டகம் ஒரு நேரத்துக்கு நூறு லிட்டர் கிட்ட உறிஞ்சும், அவகிட்ட இருந்தது தோள்ல தூக்கற ஒரு குடம். எத்தன நடை இறங்கி ஏறிருப்பான்னு கணக்கு போட்டுக்கோங்க. வினைச்சொல்லப் பாருங்க, சீக்கிரமா எறக்கினா, சீக்கிரமா ஊத்தினா, ஓடினா, மறுபடி ஓடினா. இதே ரெண்டு வினை, அவசரப்படறதும் ஓடறதும், ஆதியாகமம் 18ல மூணு விருந்தாளி வந்தப்ப ஆபிரகாம் பண்ணதுக்கு வர்ற வினை. இந்தப் பொண்ணு மாமனார் வீட்டுக்குப் பொருத்தமானவன்னு யாரும் வாயத் தொறந்து சொல்லல, ரெண்டு வினைச்சொல் சொல்லிடுது.

ஈசாக்கோட மகன் யாக்கோபுக்கு வரும்போது (29) கைல ஒண்ணுமே இல்ல, ஒட்டகம் இல்ல, நகை இல்ல, வீட்ட விட்டு ஓடி வந்தவன். கிணத்து வாய்ல பெரிய கல்லு, மூணு மந்தை சும்மா படுத்துக் கெடக்கு, எல்லாரும் வந்தாதான் கல்ல பொரட்டுவோம்னு மேய்ப்பனுங்க சொல்றானுங்க. ராகேலப் பாத்ததும் இவன் தனியா பொரட்டிடறான், அவ ஆடுகளுக்குத் தண்ணி காட்டறான், முத்தம் குடுத்து சத்தமா அழறான். யாக்கோபு வாழ்க்கைல கல்லு விடாம கூடவே வரும், முந்தின அதிகாரத்துல தலைமாட்டுக்கு கல்லு, அதையே தூணா நட்டான், இங்க கெணத்து மேல கல்லு, 31ல ராகேலோட அப்பா லாபானோட (ரெபெக்காளுக்கு அண்ணன்) ஒப்பந்தம் பண்றப்ப கல் குவியல். எதையும் முட்டி மோதித்தான் வாங்கணும் அவனுக்கு. லாபான் ஓடி வந்து கட்டிப் புடிக்கறத பத்தி ராஷி சொல்ற பழைய கேலி ஒண்ணு இருக்கு: போன தடவை வெறும் வேலைக்காரனே பத்து ஒட்டகத்தோட வந்தான், இவன்கிட்ட ஒண்ணையும் காணோமே, மடில காசு கட்டி வெச்சிருக்கானான்னு தடவிப் பாத்தானாம். சும்மா கேலின்னு தள்ளிடாதீங்க. 24ல லாபான் தங்கச்சி கைல தங்கத்தப் பாத்த பிறகுதான் "கர்த்தரால் ஆசீர்வதிக்கப்பட்டவரே, வாரும்"னு ஆரம்பிச்சான், அந்த வசன வரிசைய கவனிச்சவங்க அடிச்ச கேலி அது.

மோசே கதை (யாத்திராகமம் 2) பாத்தா ஏழு பொண்ணுங்க, மேய்ப்பனுங்க வந்து அவங்கள வெரட்டறானுங்க, மோசே எழுந்து நிக்கறான். நம்ம பழைய தமிழ் வேதாகமத்துல "துணைநின்று"ன்னு இருக்கும், எபிரேயத்துல அது "காப்பாத்தினான்"ங்கற வினை, செங்கடல் தாண்டி முடிச்சதும் 14ஆம் அதிகாரத்துல கர்த்தர் இஸ்ரவேல காப்பாத்தினார்னு வர்ற அதே வேர். வீட்டுக்குப் போன பொண்ணுங்க "ஒரு எகிப்தியன் எங்களக் காப்பாத்தினான்"னு சொல்றதுல ஒரு குறும்பு இருக்கு, யாரு எகிப்தியன்? காதல் மோதல் எதுவும் கெடையாது, சிப்போராள் பேரே கல்யாணத்தப்பதான் வருது. மோசேங்கற பேருக்கு "தண்ணிலேந்து எடுத்தேன்"னு அதே அதிகாரத்துல காரணம் சொல்லிட்டு இப்ப அவனே தண்ணி எறைக்கறான்னு சில பேர் இழுத்துக் கட்டுவாங்க, ஆனா ரெண்டு எடத்துலயும் எபிரேய வினை வேற வேற, அதனால அத நான் வகுப்புல சொல்றதில்ல.

சாமுவேல் முதல் புஸ்தகம் 9ல, பின்னாடி ராஜாவாகப் போற சவுல் கழுதைய தேடிட்டு வேலைக்காரனோட மேட்டுல ஏறறப்ப தண்ணி எடுக்கப் போற பொண்ணுங்க எதிர்ல வராங்க. கேட்டுட்டு இருந்தவங்க நிமிந்து உக்காந்திருப்பாங்க, கல்யாண சீன்னு. ஞானதிருஷ்டிக்காரர் இங்க இருக்காரான்னு மட்டும் கேட்டுட்டு அவன் மேல நடந்துடறான், சீன் அங்கயே அறுந்து போகுது. சவுலோட கதை முழுக்க இப்படித்தானே, ஆரம்பிச்சு அறுந்து போறதுதான். ரூத் 2ல எல்லாம் தலைகீழ், வெளியூர்லேந்து வந்தது பொண்ணு, தண்ணி மொண்டு வெக்கறது பையனுங்க, தாகமானா போய் குடிச்சுக்கோன்னு சொல்றது வயல்காரர் போவாஸ்.

இதுல எத உறுதியா சொல்லலாம், எது ஊகம்னு பிரிச்சு சொல்லிடறேன், இல்லன்னா நான் உங்கள ஏமாத்தின மாதிரி ஆகும். ரெபெக்காள், யாக்கோபு, மோசே மூணுலயும் ஒரே சட்டகம் இருக்குங்கறத யார் வேணா விரல் வெச்சு காட்டலாம், அது உறுதி. இது ஒரு மரபான காட்சி, கேட்டவங்களுக்கு முன்னாடியே பழக்கமானதுன்னு 1981ல ராபர்ட் ஆல்ட்டர்ங்கற அமெரிக்க அறிஞர் விரிவா வாதாடினார். அந்த யோசனை அவருக்கு ஹோமர் ஆய்வுலேந்து வந்தது, அங்க வால்ட்டர் ஆரெண்ட்னு ஒருத்தர் 1933லயே விருந்தோம்பல், கவசம் மாட்டுறது மாதிரி காட்சிகள் ஒரே அச்சுல வர்றத எடுத்துக் காட்டிட்டார். எனக்கு ஆல்ட்டர் சொல்றது பெரும்பாலும் சரின்னு படுது. ஆனா ஹோமர்ல உதாரணம் கொட்டிக் கெடக்கு, நமக்கு இருக்கறது முழுசா மூணு. மூணு உதாரணத்த வெச்சு "இது மரபு"ன்னு சொல்றது நியாயம், அறுந்துபோனதையும் தலைகீழா வந்ததையும் அந்தக் கணக்குலயே சேக்கறது (சவுல், ரூத்) ருசி சார்ந்த விஷயம். பழைய எபிரேயர்கள் யாரும் "கதை எழுதுவது எப்படி"ன்னு இலக்கணம் எழுதி வெச்சுட்டுப் போகல, எல்லாமே நாம பின்னாடிலேந்து ஊகிச்சு எடுத்ததுதான். சவுல் சீன் எனக்கு ரொம்பப் புடிக்கும், ஆனா பந்தயம் கட்டுன்னா கட்ட மாட்டேன்.

தங்கச்சி கதை மூணும் (12, 20, 26) கொஞ்சம் சிக்கலான கேஸ், இங்கதான் உங்க சந்தேகத்துக்கு பாதி நியாயம் இருக்கு. பத்தொம்பதாம் நூற்றாண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள், அதுல வெல்ஹவுசன் பெரிய பேர், ஆதியாகமத்துல வேற வேற மூலங்கள் பின்னிருக்குன்னு சொன்னாங்க, இந்தக் கதைகள அதுக்கு சாட்சியா வழக்கமா காட்டுவாங்க: ஒரே பழைய கதை வேற வேற கைகள்ல வேற வேற ஊர் ராஜாவோட ஒட்டிக்கிச்சு. நீங்க தமிழ்லயே சோதிச்சுப் பாக்கலாம், 12ல "கர்த்தர்"னு வரும், 20ல கடைசி வசனம் வரைக்கும் கிட்டத்தட்ட "தேவன்"னுதான் வரும். நடை, சொல் தேர்வு கூட வேற. மூலங்கள எப்படிப் பிரிக்கறதுங்கறதுல இன்னிக்கு பயங்கரமா அடிச்சுக்கறாங்க, ஆனா பல கைகள் பட்ட நூல்ங்கறத மறுக்கற ஆய்வாளர்கள் ரொம்பக் கம்மி. அதனால "எடிட்டரே இல்லயா"ங்கற கேள்விக்கு பதில், இருந்திருக்காங்க, ஒருத்தர் இல்ல பல பேர்.

ஆனா மறதி இல்ல. அதுக்கு எங்கிட்ட இருக்கற நல்ல சாட்சி 26ஆம் அதிகாரத்து முதல் வசனம். தேசத்துல பஞ்சம் வந்துச்சுன்னு ஆரம்பிக்கறப்பவே, ஆபிரகாம் காலத்துல வந்த முந்தின பஞ்சம் இல்ல, இது வேறன்னு எழுதி வெச்சிருக்கு. அந்த வரிய எழுதின கை 12ஆம் அதிகாரத்த ஞாபகம் வெச்சிருந்துச்சு, நீங்களும் ஞாபகம் வெச்சுக்கணும்னு எதிர்பாத்துச்சு. அப்புறம் ஒவ்வொண்ணும் தன் எடத்துல வேற வேலை பாக்குது. 12ல பஞ்சம், எகிப்துக்கு எறங்கிப் போறது, பார்வோன் மேல வாதை, சொத்தோட வெளில வர்றது, பின்னாடி ஒரு ஜனமே போகப் போற வழிய முன்னோர் முன்னாடியே ஒரு தடவை நடந்து காட்டின மாதிரி இருக்கு. 26ல ராஜா ஜன்னல் வழியா பாக்கறப்ப ஈசாக்கு ரெபெக்காளோட விளையாடிட்டு இருக்கான், எபிரேயத்துல "யிட்சாக் மெட்சாஹேக்", அவன் பேரும் அந்த வினையும் ஒரே வேர், சிரிப்புங்கற வேர். பேருக்குள்ளயே மாட்டிக்கிட்டான் பாவம். மொழிபெயர்ப்புல இதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது, நாங்க எவ்வளவோ முட்டிப் பாத்தோம்.

20ல ஒரு சின்ன நுணுக்கம் இருக்கு, இது தெரிஞ்சா எபிரேயக் கதை எதப் படிச்சாலும் உதவும். அந்த ஊர் ராஜா அபிமெலேக்கு ஆபிரகாமக் கூப்பிட்டு, எங்களுக்கு என்ன காரியம் பண்ணிட்டன்னு திட்டறான். அடுத்த வசனம் மறுபடி "அபிமெலேக்கு ஆபிரகாமை நோக்கி"ன்னு தொடங்குது. பேசிட்டு இருக்கறவனேதான், நடுவுல யாரும் பேசல, அப்புறம் எதுக்கு இன்னொரு "சொன்னான்"? நடுவுல யாரும் பேசலங்கறதுதான் விஷயம். எபிரேயக் கதைல ஒரே ஆளுக்கு அடுத்தடுத்து ரெண்டு "வய்யோமெர்" (சொன்னான்) வந்தா எதிர்ல இருக்கறவன் வாயடைச்சு நிக்கறான்னு பல எடத்துல அர்த்தம் எடுக்கலாம். ராஜா கேட்டான், ஆபிரகாம் தலை குனிஞ்சு நிக்கறான், ராஜா மறுபடி கேக்கறான், அதுக்கப்புறம்தான் "அவ நெசமாவே எனக்கு ஒருவகைல தங்கச்சிதான்"ங்கற சப்பைக்கட்டு வருது. "ஆபிரகாம் வெட்கப்பட்டான்"னு எங்கயும் எழுதல. பேச்சுக்கு நடுவுல ஒரு வெத்து எடம் விட்டிருக்காங்க, அவ்வளவுதான். எல்லா ரெட்டை வய்யோமெருக்கும் இது பொருந்தாது, சிலது ஒட்டு போட்ட தையலாவும் இருக்கும், ஒவ்வொண்ணா பாக்கணும்.

யாக்கோபோட மகன் யோசேப்பு கதைக்குப் போனா இந்த வித்தைங்க எல்லாம் ஒரே எடத்துல கெடைக்கும். எகிப்துல யோசேப்ப அடிமையா வாங்கின போத்திபாரோட பொண்டாட்டி விஷயத்துல (39) கதைசொல்லி சொல்றது, யோசேப்பு தன் துணிய "அவள் கைல" விட்டுட்டு ஓடினான்னு. அவ வீட்டு ஆளுங்ககிட்ட சொல்றப்ப "என் பக்கத்துல" விட்டுட்டு ஓடினான்ங்கறா. கைல இருந்தா புடிச்சது இவ, பக்கத்துல இருந்தா கழட்டினது அவன். ஒரே ஒரு வார்த்தை. வரிசையும் மாறுது, நெசத்துல துணி முதல்ல, கூச்சல் அப்புறம், இவ சொல்றதுல கூச்சல் முதல்ல. அதோட வேலைக்காரங்ககிட்ட பேசறப்ப "நம்மள கேவலப்படுத்த ஒரு எபிரேயன கொண்டாந்து விட்டிருக்கார் பாருங்க"ன்னு அவங்களையும் தன் கட்சில சேத்துக்கறா, அடிமைங்ககிட்ட அடிமைங்கற சொல்லையே எடுக்கல. புருஷன்கிட்ட "நீர் கொண்டாந்த அந்த எபிரேய அடிமை", பழி அவன் தலைல. அப்புறம் போத்திபாருக்குக் கோபம் மூண்டுதுன்னு இருக்கு, யார் மேலன்னு எழுதல. நாம யோசேப்பு மேலன்னு நெனச்சுக்கறோம், மூலத்துல அந்த எடம் காலியாத்தான் இருக்கு.

அதுக்கு முன்னாடி இருக்கற 37, 38 ரெண்டையும் சேத்துப் படிங்க. அண்ணனுங்க வெள்ளாட்டுக்கடாவ அறுத்து ரத்தத்துல அங்கிய தோச்சு அப்பாகிட்ட அனுப்பி, "இது உங்க மகனோட அங்கியா, பாத்து சொல்லுங்க"ன்னு கேக்கறாங்க. எபிரேயத்துல "ஹக்கேர் நா", அடையாளம் கண்டு சொல்லுன்னு அர்த்தம். அப்பா அடையாளம் கண்டு ஒடஞ்சு போறார். அடுத்த அதிகாரத்துல யூதா, அதாவது யோசேப்ப வித்துடலாம்னு யோசனை குடுத்த அண்ணனே, வேஷம் மாத்தின மருமக தாமார தாசின்னு நெனச்சு, கூலியா வெள்ளாட்டுக்குட்டி அனுப்பறேன்னு சொல்லி முத்திரையும் கோலும் அடமானம் வெக்கறான். அவ கர்ப்பம்னு தெரிஞ்சு எரிக்க இழுத்துட்டு வர்றப்ப அவ அந்த சாமான அனுப்பி கேக்கறது, "ஹக்கேர் நா", இதெல்லாம் யாரோடது, பாத்து சொல்லும். அவனும் அடையாளம் காண்றான். இந்த ரெண்டு வார்த்தை மொத்த ஆதியாகமத்துலயும் இப்படிக் கட்டளையா சேந்து வர்றது இந்த ரெண்டு எடத்துலதான், அது இவ்வளவு பக்கத்துல இருக்கறது எதேச்சை இல்லங்கறது சும்மா இன்னிக்கு நாம கண்டுபிடிச்சது கெடையாது, சுமார் அஞ்சாம் நூற்றாண்டுல தொகுத்த யூத விளக்க நூலான ஆதியாகம ரப்பாவுலயே, அப்பாகிட்ட "ஹக்கேர் நா"ன்னு சொன்ன, உங்கிட்ட தாமார் அதையே சொல்லுவான்னு வருது. ஆட்டுக்குட்டிக்கும் அதே கணக்கு சொல்லிருக்காங்க. இன்னும் ஒரு படி பின்னாடி போனா யாக்கோபே தன் குருட்டு அப்பாவ ஏமாத்தினது வெள்ளாட்டுக்குட்டி தோலும் அண்ணன் துணியும் வெச்சுத்தான் (27). நம்ம தமிழ்ல ரெண்டு எடத்துலயும் சாதாரணமா "பாரும்"னு முடிஞ்சுடறதால காதுல விழாம போயிடுது, இருந்தாலும் ரெண்டுலயும் ஒரே சொல்ல வெச்ச வரைக்கும் அந்த மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு கும்பிடு.

38 நடுவுல சொருகினதுங்கறதும் தெரியும், மறைக்கவே இல்ல. யோசேப்ப எகிப்துல போத்திபாருக்கு வித்தாங்கன்னு 37 முடியுது, 39 தொடங்கறப்ப அதே செய்தி மறுபடி, விட்ட எடத்துலேந்து நூலப் புடிக்கறதுக்கு. இது பழைய எடிட்டருங்களோட கை பழக்கம், நூல்ல வேற எடங்கள்லயும் பாக்கலாம். ஆனா 37ல வித்தவங்க மீதியானியர்னும் 39ல இஸ்மவேலர்னும் இருக்கு. இத வெச்சு அழகான இலக்கிய விளக்கம் பல பேர் குடுப்பாங்க, எனக்கு எதுவும் ஒட்டல. ரெண்டு பாரம்பரியத்த சேத்து தெச்சதுல தையல் வெளில தெரியுதுன்னு ஒத்துக்கறதுதான் நேர்மை. தையல் இருக்கறதால சட்டை அழகா இல்லன்னு ஆகாது, ரெண்டும் ஒண்ணா இருக்க முடியும். எங்க பசங்களுக்கு நான் திரும்பத் திரும்ப சொல்றது, எதப் பாத்தாலும் திட்டம்னு சொல்றவனும் எதப் பாத்தாலும் பிழைன்னு சொல்றவனும் ஒரே சோம்பேறித்தனத்தத்தான் பண்றாங்க, வசனத்தப் பாக்கறதில்ல. குறிப்பா யூடியூப்ல ஒவ்வொரு அதிகாரத்தையும் கண்ணாடி பிம்பம் மாதிரி முன்னும் பின்னும் அமைஞ்சிருக்குன்னு வரைபடம் போட்டுக் காட்டற ஆளுங்ககிட்ட கொஞ்சம் உஷாரா இருங்க, தலைப்பு அவங்களே வெச்சுக்கிட்டா எதையும் பொருத்திடலாம்.

சரி, ஈசாக்கு. மரபு தெரிஞ்ச காதுக்கு அவன் போகாததுதான் முதல் செய்தி. மோசே காப்பாத்தறான், யாக்கோபு கல்ல பொரட்டறான், ஈசாக்குக்கு பதிலா வேலைக்காரன் போறான், எறைக்கறது கூட பொண்ணு. முன்னாடி அப்பாவே அவன கட்டி பலிபீடத்துல வெச்சப்பவும் அவன் ஒரு கேள்வியத் தவிர வேற பேசல, பின்னாடி கண்ணு மங்கினப்ப யாருக்கு ஆசீர்வாதம் போகணும்னு வீட்டுல முடிவு பண்ணப் போறது ஓடி ஓடி தண்ணி எறைச்ச இதே ரெபெக்காள்தான். அவன் சுபாவம், அவங்க குடும்பத்துல யார் கை ஓங்கும், எல்லாம் கிணத்தடிலயே வந்தாச்சு. நீங்க அத காலி எடம்னு கவனிச்சுட்டீங்க, அது போதும்.

ஆனா அந்த அதிகாரம் முடியற எடத்த வேகமா தாண்டிருப்பீங்க, மறுபடி பாருங்க. சாயங்காலம் ஈசாக்கு வயல்ல தனியா இருக்கான், கண்ண ஏறெடுத்துப் பாக்கறான், ஒட்டகங்க வருது. அடுத்த வசனம் அதே வார்த்தைல, ரெபெக்காள் கண்ண ஏறெடுத்துப் பாக்கறா, ஈசாக்கு. அவ ஒட்டகத்துலேந்து எறங்கறதுக்கு எபிரேயத்துல இருக்கற வினை "விழுந்தா"ங்கற வினை, பழைய ஆளுங்க எறங்கினான்னே எடுத்துப்பாங்க. அவன் அவள அம்மா சாராளோட கூடாரத்துக்குக் கூட்டிட்டுப் போறான், அவ மனைவி ஆகறா, அப்புறம் "அவளை நேசித்தான்". ஆதியாகமத்துல ஒரு ஆம்பள ஒரு பொம்பளய நேசிச்சான்னு முதல் தடவையா வர்றது இந்த, பொண்ணு பாக்கப் போகாத ஆளுக்குத்தான்.